கண்டியும் பெய்ஜிங்கும்: ஊர்ப்பெயரிற் சரியும் பிழையும்

கண்டிப் புகையிரத நிலையத்தின் பெயர்ப் பலகை மும்மொழியில் எழுதப்பட்டுள்ளது. சிங்களத்தில் 'மஹநுவர' என்றும், தமிழிற் 'கண்டி' என்றும், ஆங்கிலத்திற் 'கே' என்னும் எழுத்தில் தொடங்கி 'வை' என்னும் எழுத்தில் முடியும் ஐந்தெழுத்துச் சொல்லாகவும் இந்நகரின் பெயர் அங்கே காணப்படுகின்றது. மூன்றும் சுட்டுவது ஓர் ஊரையே. ஆயினும் முதலாவது பெயர்க்கும் ஏனைய இரண்டற்கும் ஒலியளவில் யாதொரு தொடர்பும் இல்லை. பலகையை எழுதினோர் பிழை செய்தாருமல்லர். ஒரு பெயரை மூவேறு எழுத்தில் எழுதாது, மூன்று பெயர்களை மூன்று மொழிக்கும் உரியவாறு எழுதினார், அவ்வளவே.

இவற்றுள் எது சரியான பெயர் என்று மாணாக்கர் வினவுவதுண்டு. பூமிசாத்திர பாடத்திலே இதனை ஒத்த மற்றொரு வினாவும் எழும். சீனத் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் 'பீக்கிங்' என்பதா, 'பெய்ஜிங்' என்பதா? நூலகத்துப் பழைய நூல்கள் முன்னதைக் கூறுகின்றன. இன்றைய பாடநூல்கள் பின்னதைக் கூறுகின்றன. ஒன்று சரியாயின் மற்றது பிழையாதல் வேண்டும் என்று இளையோர் கருதுவது இயல்பே. மேலெழுந்தவாரியாக நோக்கின் இவ்விரு வினாக்களும் வேறுவேறானவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றேயாம். ஊர்ப்பெயரொன்று சரியானது என்று நாம் கூறுவது எவ்வளவைகொண்டு என்பதே அவ்வினா. அதனை நம் ஊரின் பெயரிலிருந்தே தொடங்கி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டு விளையாட்டன்று. நாள்தோறும் இரு திறத்துப் பிழைகளை நாம் காண்கின்றோம். ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவன் ஒருவன், யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அன்னியர் சிதைத்த பெயரென்று கருதி, 'யாழ்ப்பாணம்' என்பதையே ஆங்கில எழுத்துக்களாற் கூட்டி எழுதுகின்றான். படிக்கும் வெளிநாட்டார்க்கு அது எவ்வூர் என்று விளங்குவதில்லை. இது முதலாவது பிழை. இரண்டாவது இதன் மறுதலை. ஆங்கில எழுத்துக்கூட்டலை முன்வைத்துக்கொண்டு அதனை எழுத்துக்கெழுத்துத் தமிழாக்குவோர், கம்பளையைக் 'கம்பொல' என்றும், மாத்தளையை 'மாதலே' என்றும், பேராதனையைப் 'பெரதெனியா' என்றும் எழுதிவிடுகின்றனர். தமிழிலே பெயர் இல்லாத ஊர்க்கன்றோ எழுத்துப் பெயர்ப்பு வேண்டும்? இருக்கும் பெயரை மறந்து இல்லாத பெயரைப் படைப்பது எற்றுக்கு? இவ்விரு பிழைக்கும் வேர் ஒன்றே. ஓர் ஊர்க்கு உண்மையான பெயர் ஒன்றே உண்டு, ஏனையவெல்லாம் அதன் திரிபுகள் என்னும் எண்ணமே அவ்வேர்.

இனிக் கண்டியின் பெயர் வரலாற்றை நோக்குவாம். இந்நகரின் பழம்பெயர் செங்கடகல என்பது. கம்பளையிலிருந்து 14 ஆம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த மூன்றாம் விக்கிரமபாகு இதனை நிறுவினான் என்பது மரபுவழிச் செய்தி. 15 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சேனாசம்மத விக்கிரமபாகு இதனைத் தலைநகராகக் கொண்டு மலைநாட்டைத் தனியரசாக ஆண்டான். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் விமலதர்மசூரியன் காலம் முதலாக, 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலர் கைப்பற்றும் வரையும், சிங்கள அரசின் இருக்கையாக இந்நகர் விளங்கியது. அரசிருக்கை ஆனமையின் அதனை மக்கள் 'மஹநுவர', அதாவது பெருநகர், என்றனர். இன்றும் சிங்களப் பேச்சு வழக்கில் 'நுவர' என்று வாளா கூறின் அது கண்டியையே குறிக்கும். நம்மவர் 'பட்டணம் போகிறேன்' என்னும்போது பட்டணத்தின் பெயரைத் தனியே சொல்ல வேண்டாதவாறு போன்றது அது.

அங்ஙனமாயிற் கண்டி என்பது எங்கிருந்து வந்தது? மலைநாட்டரசுக்குச் சிங்களத்தில் 'கந்த உட ரட' என்று பெயர். கந்த என்பது மலை. உட என்பது மேல். ரட என்பது நாடு. மலைமேல் உள்ள நாடு என்பது இத்தொடரின் பொருள். போர்த்துக்கேயர் இந்நெடுந்தொடரின் தலைச்சொல்லை மாத்திரம் எடுத்துத் தம் நாவுக்கேற்பத் திரித்து, நாட்டுக்கும் அதன் தலைநகர்க்கும் ஒருங்கே பெயராக்கிக்கொண்டனர். நாட்டின் பெயர் நகரின் பெயராகிய வரலாறு இதுவே.

இப்பெயர்ப் பன்மையை 17 ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதிவைத்த ஆங்கிலர் ஒருவர் உளர். அவர் இராபர்ட் நொக்ஸ். 1660 ஆம் ஆண்டு கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் மலைநாட்டுச் சிற்றூர்களிலே காவலில் வாழ்ந்து, 1679 ஆம் ஆண்டில் தப்பிச் சென்றவர். அவர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. கண்டி என்னும் பெயர் கிறித்தவர்களாகிய ஐரோப்பியர் வழங்கும் பெயர் என்றும், அது மலை எனப் பொருள்படும் சிங்களச் சொல்லினின்று வந்திருத்தல் கூடும் என்றும், நகரமாந்தர் வழங்கும் பெயர்கள் வேறு என்றும் அந்நூலில் அவர் தெளிவாகக் கூறியுள்ளார். மக்கள் வழங்கும் பெயர்களை அறிந்து எழுதிவைத்த அவரே, தம் நாட்டார்க்கு ஆங்கிலத்திலே எழுதும்போது ஆங்கில வழக்கையே மேற்கொண்டார் என்பது நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவதாகும்.

நொக்ஸ் எழுதிய பெயரின் முதலெழுத்து 'சி' ஆகும். அவ்வாறு எழுதின், இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஊர்ப்பெயரும் ஒன்றாகிவிடும். 19 ஆம் நூற்றாண்டிலே 'கே' என்னும் எழுத்து ஊர்ப்பெயர்க்கு நிலைபெற்றது. இன்று இலங்கை அரசு தன் ஆங்கில ஆவணங்களில் நகர்க்கும் மாவட்டத்துக்கும் மாநகர சபைக்கும் இவ்வெழுத்துக்கூட்டலையே வழங்குகின்றது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, 1988 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் புனித நகராக இதனைச் சேர்த்தபோதும் ஆங்கிலத்திற் கொண்ட பெயர் அதுவே. ஆதலால் இன்றைய ஆங்கிலத்துக்கு அது சரியான பெயர் என்பதில் ஐயமில்லை.

நெடும்பெயரின் முற்பாதியை எடுத்துப் பிற்பாதியை நீக்குதல் கண்டிக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. யாழ்ப்பாணப் பட்டினம் என்பதை ஐரோப்பியர் தம் வாய்க்கேற்ப 'ஜவ்னாபட்டினம்' போன்ற வடிவங்களாக்கி, பின்னர்ப் பட்டினத்தையும் விட்டுவிட்டனர். எஞ்சியதே இன்றைய ஆங்கிலப் பெயர். அவ்வூரையே சிங்களவர் 'யாப்பனய' என்பர். மட்டக்களப்பைச் சிங்களவர் 'மடகலபுவ' என்பர். ஆங்கிலத்தில் 'பட்டிக்கலோ' என்பர். நாம் நீர்கொழும்பு என்பதைச் சிங்களவர் 'மீகமுவ' என்றும் ஆங்கிலர் 'நெகொம்போ' என்றும் வழங்குவர். பருத்தித்துறையும் சிவனொளிபாத மலையும் ஆங்கிலத்திற் பெறும் பெயர்களைச் சொல்ல வேண்டா. அவை யாவரும் அறிந்தன. யாழ்ப்பாணத்தை 'யாப்பனய' என்னும் சிங்களவர் நம்மை இகழ்ந்தாரல்லர். மஹநுவரவைக் கண்டி என்னும் நாமும் அவரை இகழ்ந்தோமல்லோம். ஒவ்வொரு மொழியும் தனக்குப் பழக்கமான ஊரைத் தன் வீட்டுப் பிள்ளைபோற் கருதித் தன் வாய்க்கேற்ற பெயரிட்டு அழைக்கின்றது. தொலைவிலுள்ள பழக்கமற்ற ஊர்க்கே அவ்வுரிமைப் பெயர் அமைவதில்லை.

ஓர் ஊரில் வாழ்வோர் தம் மொழியில் வழங்கும் பெயரை அகப்பெயர் என்றும், அவ்வூரில் வழங்காத மொழியினர் அதற்கு இட்ட பெயரைப் புறப்பெயர் என்றும் வசதிக்காகக் கூறலாம். மாஸ்கோ என்பது உருசியர்க்குப் புறப்பெயர். அவர் 'மஸ்க்வா' என்பர். இப்பாகுபாட்டின்படி கண்டி என்பது தமிழர்க்குப் புறப்பெயரா? அன்று. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். இங்கே பிறந்து, இங்கே கற்று, இங்கே உழைப்பவர் வாயில் வழங்கும் பெயர் எங்ஙனம் புறப்பெயராகும்? கண்டி என்பது வந்த வழி யாதாயினும், அது இவ்வூரின் இரண்டாவது அகப்பெயர் என்றே கொள்ளல் தகும்.

தமிழ் இவ்வூர்ப்பெயர்களை மனம்போனவாறு திரித்ததும் அன்று. சிங்களப் பெயர்கள் தமிழாகுங்கால் ஓர் ஒழுங்கு அமைந்திருத்தலைக் காணலாம். துறை எனப் பொருள்படும் 'தொட்ட' என்னும் ஈறு 'தோட்டை' ஆகும்; கட்டுகஸ்தோட்டை, அம்பாந்தோட்டை என்பன காண்க. ஊர் எனப் பொருள்படும் 'கம' என்னும் ஈறு 'காமம்' ஆகும்; வத்துகாமம், கதிர்காமம் என்பன காண்க. 'பிட்டிய' என்பது நாவலப்பிட்டியிற் 'பிட்டி' ஆயிற்று. உயிரீற்றுப் பெயர் பல ஐகார ஈறு பெற்று மாத்தளை, கம்பளை, பதுளை, கேகாலை, தலவாக்கலை, குண்டசாலை என நின்றன. பிறமொழிச் சொல் தமிழில் வருங்கால் அம்மொழிக்கே உரிய எழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என்னும் கருத்தைத் தொல்காப்பியம் வடசொல்லைப் பற்றிக் கூறுமிடத்தில் வகுத்துள்ளது. இலக்கணம் கல்லாத பொதுமக்களும் அவ்விதியைத் தம் நாவினாலேயே காத்து வந்துள்ளனர். இசுக்கொத்லாந்து ஊரொன்றின் பெயரைத் தாங்கிய மலைநகரை அவர் 'அட்டன்' ஆக்கினர். ஹகரம் தானே உதிர்ந்துவிட்டது.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்று. ஊர்ப்பெயர் சரியா என்று கேட்பதன்முன், எம்மொழியிற் சரியா என்று கேட்டல் வேண்டும். ஆயின் இவ்விதி ஒன்றே போதுமானதா? ஆங்கிலத்திற் 'பீக்கிங்' என்பது ஏறத்தாழ முந்நூறாண்டு நிலைபெற்றிருந்த வழக்கன்றோ? அதனை ஏன் கைவிடல் வேண்டும்? இங்கேதான் சீனத் தலைநகரின் வரலாறு நமக்குப் பயன்படுகின்றது.

பெய்ஜிங் என்பதற்கு வடதலைநகர் என்பது பொருள். தென்தலைநகர் நான்ஜிங் ஆகும். மிங் மரபினர் 1368 ஆம் ஆண்டில் வடநகரைக் கைப்பற்றியபோது, தலைநகர் தெற்கே இருந்தமையால், அதற்கு 'பெய்ப்பிங்', அதாவது வட அமைதி, எனப் பெயரிட்டனர். யொங்லே பேரரசர் 1403 ஆம் ஆண்டில் அதனைப் பெய்ஜிங் ஆக்கினார். இப்பேரரசர் நமக்கு முற்றிலும் அன்னியர் அல்லர். 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிற் பொறிக்கப்பட்டு, காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ள கல்வெட்டு, அவர் ஆணையாற் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்ததே. அக்கல்லிற் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் முன்னிட்டுக் காணிக்கைகளைக் கூறுகின்றது. ஒரு கல்லில் மூன்று மொழிகள் ஒன்றையொன்று நகல் செய்யாது தத்தம் மரபிற் பேசுகின்றன. அத்தேனவரை இன்று சிங்களத்திற் 'தெவிநுவர' என்றும் ஆங்கிலத்திற் 'தொண்ட்ரா' என்றும் வழங்குதலையும் ஈண்டு நினைவுகூர்க.

பின்னர் 1928 ஆம் ஆண்டிலே தேசியக் கட்சி அரசு தலைநகரை நான்ஜிங்குக்கு மாற்றியபோது வடநகர் மீண்டும் பெய்ப்பிங் ஆயிற்று. 1949 ஆம் ஆண்டில் மக்கள் குடியரசு நிறுவப்பட்டபோது பெய்ஜிங் என்னும் பெயர் மீண்டது. இவை உண்மையான பெயர்மாற்றங்கள். சீன எழுத்திலேயே பெயர் மாறியது. ஆயின், 'பீக்கிங் என்னும் நகர்க்குப் பெய்ஜிங் எனப் புதுப்பெயர் இட்டனர்' என்று பலர் கூறுவது பொருந்தாது. இவ்விரண்டும் சீனத்திற் பொறிக்கப்படும் எழுத்துக்கள் அவையே. ஐரோப்பிய எழுத்திற் கூட்டும் முறையே வேறு. யேசு சபைக் குருவாகிய மார்ட்டினோ மார்ட்டினி 1655 ஆம் ஆண்டில் வெளியிட்ட சீனத் தேசப்படத் தொகுதி முன்னைய வடிவத்தை ஐரோப்பாவிற் பரப்பியது. அவர் செவி பிழைத்ததுமன்று. அக்காலத்துச் சீனரின் கற்றோர் மொழியில் அச்சொல்லின் இரண்டாம் அசை ககர ஒலியுடன் வழங்கியது. இகரத்தின் முன் நின்ற ககரம் வடசீனத்தில் நாளடைவில் அண்ணவொலியாகத் திரிந்தது. தென்சீன மொழிகள் சிலவற்றில் அக்ககரம் இன்றும் உள்ளது. தமிழிலும் 'செவி', 'கிவி' எனத் தமிழும் கன்னடமும் வேறுபடும் இனச்சொற்களை நோக்குவார்க்கு இத்திரிபு வியப்பாகாது. ஆக, ஐரோப்பியர் பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்க, சீனரின் நா முன்னே சென்றுவிட்டது.

சீன அரசு 1958 ஆம் ஆண்டிலே 'பின்யின்' எனப்படும் உரோம எழுத்து முறையை ஏற்றது. இருபதாண்டு அது உள்நாட்டிற் பள்ளிகளிற் பயின்றது. 1977 ஆம் ஆண்டு ஆதென்சு நகரிற் கூடிய ஐக்கிய நாடுகளின் புவியியற் பெயர் மாநாடு, சீன ஊர்ப்பெயர்களை உரோம எழுத்தில் எழுதுதற்கு இம்முறையை ஏற்றது. 1979 ஆம் ஆண்டுத் தொடக்கம் முதலாகச் சீன அரசு தன் வெளிநாட்டுமொழி ஆவணங்களிலும் இதனையே வழங்கலாயிற்று. ஆங்கிலச் செய்தித்தாள்களும் தேசப்படங்களும் படிப்படியாகப் பின்பற்றின. எனவே இன்று ஆங்கிலத்திற் சீனத் தலைநகரைக் குறிக்கும் பொதுச்சொல் 'பெய்ஜிங்' என்பதே.

இங்கே உச்சரிப்பையும் கூறிவைத்தல் வேண்டும். ஆங்கிலம் பேசுவோர் பலர் இரண்டாம் அசையைப் பிரெஞ்சுச் சொற்போலக் குழைத்து, ஏறக்குறைய 'ஷிங்' எனக் கூறுவர். அன்னிய மொழியெல்லாம் பிரெஞ்சுபோல ஒலிக்கும் என்னும் மயக்கமே அதற்குக் காரணம். 'ஜிங்கிள்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஜகரமே இங்கு வேண்டப்படுவது. தமிழர்க்கு இவ்விடர்ப்பாடு இல்லை. அன்றியும் சீனரின் முதலொலி அதிர்வில்லாத மெல்லிய பகரமாகும்; தமிழ்ச் சொற்களின் முதலில் வரும் பகரமும் அத்தகையதே. ஆகவே 'பெய்' என்னும் நம் அசை ஆங்கிலர் அசையினும் மூலத்துக்கு அணித்தாகும். தமிழிற் 'பீஜிங்' என எழுதுவது ஆங்கில எழுத்தைக் கண்டு மயங்கிய வடிவம்; 'பெய்ஜிங்' என்பதே தக்கது.

பெயர் மாறியும் மாறாது நின்றவை சில உள. அந்நகரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் தன்னைப் 'பீக்கிங்' பல்கலைக்கழகம் என்றே கூறிக்கொள்கின்றது. அந்நகரின் பெயரால் வழங்கும் நாய் வகையும், வாத்துக் கறியும் ஆங்கிலத்திற் பழைய பெயரையே தாங்குகின்றன. நிறுவனத்தின் பெயர் அந்நிறுவனத்துக்கு உரியது. பொருட்பெயர் மக்கள் வழக்குக்கு உரியது. ஊரின் பெயரெழுத்து மாறியதனால் அவை தாமாக மாறா.

நம் அயலிலும் இதனைக் காணலாம். 'மெட்ராஸ்' என்பது 1996 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. தமிழில் அது முன்னரே சென்னைதான்; மாற்றம் ஆங்கிலத்துக்கே. ஆயினும் 1857 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், உயர் நீதிமன்றமும் ஆங்கிலத்திற் பழைய பெயரை விடவில்லை. நம் நாடு 1972 ஆம் ஆண்டு மே 22 ஆம் நாள் குடியரசானபோது ஆங்கிலத்திற் 'சிலோன்' போய் 'ஸ்ரீ லங்கா' வந்தது. தமிழில் இலங்கை இலங்கையாகவே நின்றது. தேயிலையோ இன்றும் உலகச் சந்தையிற் 'சிலோன்' தேயிலையே.

ஆணையிட்டால் எல்லாம் மாறிவிடும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டரசு 2020 ஆம் ஆண்டில், 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு இயைய மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல்களைப் பற்றிப் பலவாறான மறுப்புக்கள் எழவே, சில நாள்களுள் அதனை மீட்டுக்கொண்டது. நோக்கம் நன்றேயாயினும், தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்தில் இவ்வாறு எழுதுக என்னும் பொதுமுறை முன்னரே உடன்பட்டு வழக்கில் வந்திலது. சீனரோ முறையை முதலில் அமைத்து, தம் மக்களுக்குப் பயிற்றி, பின்னரே உலகத்தை வேண்டினர். இரண்டன் முடிவும் வேறுபட்டமைக்குக் காரணம் தெளிவு.

இப்பொழுது முதல் வினாவுக்கு விடை கூறலாம். சீன அரசு தன் தலைநகரை ஆங்கிலத்தில் இவ்வாறு எழுதுக என்று முறையாக அறிவித்தது, உலகம் ஏற்றது. ஆகவே ஆங்கில வழக்கே மாறிவிட்டது. கண்டியைப் பொறுத்தவரையில் அத்தகைய அறிவிப்பு எதுவும் எழவில்லை. இலங்கை அரசே ஆங்கிலத்திற் பழைய பெயரை வழங்குகின்றது. ஆதலின் ஆங்கிலக் கட்டுரையிற் 'மஹநுவர' என்று எழுதுதல், சிங்களப் பெயர் இதுவென விளக்குமிடத்தன்றிப் பிற இடங்களிற் பொருந்தாது. நாளை அரசு முறையாக மாற்றுமாயின் ஆங்கிலமும் மாறும்; அப்பொழுதும் தமிழிற் கண்டி கண்டியேயாம்.

மாணாக்கர் மனங்கொள்ளுதற்கு நான்கு விதிகளாக இவற்றைச் சுருக்கிக் கூறலாம். முதலாவது, எம்மொழியில் எழுதுகின்றோமோ அம்மொழியில் நிலைபெற்ற பெயரையே எழுதுக. இரண்டாவது, ஒரு நாடு தன் ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவத்தை முறையாக அறிவித்து அது வழக்கில் வந்துவிட்டால், ஆங்கிலத்தில் அதனையே எழுதுக. மூன்றாவது, நிறுவனப் பெயரையும் நூற்பெயரையும் பொருட்பெயரையும் அவை உள்ளவாறே எழுதுக. நான்காவது, காலத்தை நோக்குக. 1952 ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கையும் சீனமும் இறப்பரையும் அரிசியையும் மாற்றிக்கொள்ளும் உடன்படிக்கை சீனத் தலைநகரிலே கைச்சாத்தாயிற்று. அதனைப் பற்றி இன்று ஆங்கிலத்தில் எழுதுவோர் தம் சொல்லிற் பெய்ஜிங் என்க; அக்காலப் பத்திரத்தை எடுத்துக்காட்டின் அதிலுள்ள பழைய வடிவத்தைத் திருத்தாது விடுக. பழைய ஆவணத்தைத் திருத்துவது வரலாற்றைத் திருத்துவதாகும். இவ்விதிகளை அறிந்த மாணவன் பழைய நூலிற் காணும் பெயரைப் பிழையென்று இகழான். புதிய நூலிற் காணும் பெயரைக் கண்டு மருளான்.

இவற்றுள் முதல் விதி தமிழர்க்குத் தனிப் பொறுப்பொன்றைத் தருகின்றது. 1987 ஆம் ஆண்டிலே 13 ஆம் திருத்தத்தினால் இலங்கை அரசியலமைப்பிற் தமிழும் அரசகரும மொழியாயிற்று. பெயர்ப் பலகையிற் தமிழ் வரி இடம்பெறுதல் சட்டம் தந்த உரிமை. ஆயின் அவ்வரியில் எப்பெயரை எழுதுவது என்பதைச் சட்டம் கற்பியாது. மொழியறிந்தோரே கற்பித்தல் வேண்டும். கம்பளை என்னும் பெயர் இருக்கக் 'கம்பொல' என்று தமிழெழுத்தில் எழுதினால், தமிழெழுத்து இருக்கும். தமிழ்ப் பெயர் இராது. அது பலகையில் ஓராண்டு நின்றாற் கடிதத்தில் வரும். கடிதத்தில் வந்தாற் பாடநூலிலும் வரும். ஒரு தலைமுறைக்குள் பழைய பெயர் முதியோர் வாயில் மாத்திரம் எஞ்சும்.

மலைத்தோட்டங்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. பதிவேடுகளில் ஆங்கிலப் பெயரோ சிங்களப் பெயரோ கொண்ட தோட்டங்கள் பலவற்றை அங்கே உழைத்தோர் தமக்கேயுரிய தமிழ்ப் பெயர்களால் அழைத்து வந்தனர். பாறையும் ஓடையும் கோயிலும் பழைய துரைமாரும் அப்பெயர்களுக்குக் காரணமாயினர். அவை தேசப்படத்தில் ஏறியவை அல்ல, வாய்வழக்கிலேயே வாழ்பவை. தோட்டம் பிரிக்கப்பட்டும், குடும்பங்கள் இடம்பெயர்ந்தும் போகப் போக அவையும் போய்விடும். நம் கல்லூரி மாணாக்கர் பலர் அத்தோட்டங்களிலிருந்து வருபவர். பழைய மாணாக்கர் பலர் அங்கே பிறந்தவர். ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றையும், பெரியோர் கூறும் பெயர்க்காரணத்தையும், கூறியவர் வயதையும், எழுதிய நாளையும் ஒரு தாளிற் குறித்து வகுப்பாசிரியரிடம் ஒப்படைப்பராயின், சில ஆண்டுகளுள் கண்டிச் சுற்றாடலுக்கு ஓர் ஊர்ப்பெயர் அகராதி நம் நூலகத்தில் உருவாகும். சீனர் தம் எழுத்துமுறையை முதலில் அமைத்துப் பின்னரே உலகை வேண்டினர் என்று கண்டோம். நாமும் நம் பெயர்களை முதலிலே தொகுத்து வைத்தாலன்றி, பலகை எழுதுவோரிடம் சென்று எதனை எழுதுக என்று கேட்கப் போகின்றோம்?